தண்ணியைச் சோதிச்சா போதுமா? வண்டலைச் சோதி!



போன மாசம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம ஏரியில் டவுன் சாக்கடை வந்து சேருகிறது, தண்ணியையும் வண்டலையும் சோதனை பண்ணிக் கொடுங்க என்று சங்கத்தின் சார்பில் மனு கொடுத்திருந்தோம். ஒரு அதிகாரி எழுந்து, "தண்ணி ரிப்போர்ட் வந்தாச்சு, உலோகம் எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு. அதுவும் ஏரி முழுக்க ஆகாயத்தாமரையும் சம்பும் நிக்குது, அதுவே உலோகத்தை உறிஞ்சிடும். பயப்படாம வண்டல் எடுத்துக்கங்க" என்றார்.

நான் கேட்டேன்: "உறிஞ்சினது எங்கே போச்சு சார்?"

"அடுத்த மனு" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தத் துண்டறிக்கை. உறிஞ்சினது எங்கே போகுது? இதை யாரும் ஜோசியம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி கட்டி, செடி வைத்து, மீன் விட்டு, ஒன்றரை வருஷம் காத்திருந்து அளந்து பார்த்த கணக்கு இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நானோ என்றால் என்ன?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பேர் நானோமீட்டர். ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டருக்குள் இருக்கிற தூளைத்தான் நானோ துகள் என்கிறார்கள். தலைமுடி கனத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட வராது. கல் உப்பைவிடத் தூள் உப்பு சீக்கிரம் கரையும், நமக்குத் தெரியும். அதே மாதிரி, கட்டியாக இருக்கும்போது சும்மா கிடக்கிற உலோகம், இவ்வளவு பொடியாகும்போது சுற்றி இருக்கிற எல்லாவற்றோடும் ஒட்டும், உரசும், கரையும். அதற்காகத்தான் அதைத் தயாரிப்பதே.

இது நம்ம தண்ணிக்கு எப்படி வருகிறது? நாற்றம் வராத துணி என்று விற்கிறார்களே, அதில் பலவற்றில் வெள்ளி நானோ துகள் இருக்கிறது. கிருமி கொல்ல வெள்ளி. அமெரிக்காவில் அரிசோனாவில் 2008-ல் இப்படிப்பட்ட காலுறைகளை வாங்கித் துவைத்துப் பார்த்தார்கள். சில காலுறையில் இருந்த வெள்ளி, நாலைந்து துவைப்பிலேயே கிட்டத்தட்ட முழுசும் தண்ணியில் இறங்கிவிட்டது. அந்தத் தண்ணி எங்கே போகும்? சாக்கடைக்கு. சாக்கடை எங்கே போகும்? நம்ம ஏரிக்கு. பெயிண்டிலும் முகக் கிரீமிலும் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு. வயலுக்குத் தெளிக்கிற தாமிர ஹைட்ராக்சைடு மருந்தும் நானோ வடிவில் உண்டு. இப்போது உரமாகவே வருகிறது. 2024-ல் நானோ துத்தநாகம், நானோ தாமிரம் இரண்டுக்கும் மத்திய அரசு அனுமதி கொடுத்துவிட்டது.

(யூரியா மூட்டை கேட்டுப் போனால் நானோ பாட்டிலையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்று என்னையே ஒரு கடையில் திருப்பி அனுப்பினார்கள். அந்த நானோ யூரியாவில் உலோகம் இல்லை, அது வேறு சங்கதி. அதைப் பற்றித் தனியாக ஒரு நோட்டீசே போடலாம். இங்கே பேசுவது உலோகத்தை மட்டும்.)

பெட்டிக்குள் ஒரு ஏரி

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகம். அவர்களுக்குச் சொந்தமான காட்டில், திறந்த வெளியில், 12 அடி நீளம் 4 அடி அகலத்தில் பெட்டிகள் செய்தார்கள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மேட்டில் மண்ணும் செடியும், பள்ளத்தில் தண்ணி, நீர்ச்செடி, மீன், புழு பூச்சி. சின்ன ஏரிக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சில பெட்டிக்குத் தண்ணியில் வெள்ளி நானோ துகளை விட்டார்கள், சில பெட்டிக்குக் கரை மண்ணில் போட்டார்கள். மழை, வெயில், பனி எல்லாம் பட 18 மாசம் விட்டுவிட்டார்கள். 2012-ல் கணக்கு வெளியானது.

கவனமாகக் கேளுங்கள். தண்ணியில் இருந்த வெள்ளி ஒரு லிட்டருக்கு 0.002 மில்லிகிராமுக்கும் கீழே. நம்ம இந்தியத் தர நிர்ணயத்தில் குடிதண்ணியில் வெள்ளி 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதாவது அளவைவிட 50 மடங்கு குறைவு! நம்ம ஊரில் இந்தத் தண்ணியைச் சோதித்திருந்தால், "சுத்தமோ சுத்தம்" என்று சீல் வைத்துக் கொடுத்திருப்பார்கள்.

சரி, போட்ட வெள்ளி எங்கே? நூற்றுக்கு 70 பங்கு மண்ணிலும் அடிச் சேற்றிலும். மீனையும் சேற்றுப் புழுவையும் பிடித்து அளந்தார்கள். கிலோவுக்கு 0.5-லிருந்து 3.3 மில்லிகிராம் வெள்ளி. தண்ணியில் இருந்ததோடு ஒப்பிட்டால் குறைந்தது 250 மடங்கு! தண்ணி சுத்தம், மீனுக்குள் உலோகம், சேற்றுக்குள் உலோகம். தண்ணி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏரி நல்லா இருக்கு என்று சொல்வது, கல்லாப்பெட்டி காலியாக இருக்கு என்பதற்காகக் கடையில் சரக்கே வரவில்லை என்று கணக்கு எழுதுகிற மாதிரி.

இன்னொரு சங்கதியும் அதே கணக்கில் இருக்கிறது. கரை மண்ணில் போட்ட வெள்ளி தண்ணிக்கு இறங்குவது சுலபமாக நடந்தது. அடிச் சேற்றில் இருந்து கரைக்கு ஏறுவது அவ்வளவு சுலபமில்லை. மழைத் தண்ணி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும்? இதில் நமக்கு இரண்டு பாடம். வயலில் தெளித்ததில் கொஞ்சம் மழையோடு ஏரிக்குப் போகும். ஏரிச் சேற்றுக்குப் போனது தானாகத் திரும்பி வயலுக்கு ஏறாது. ஆனால் நாம என்ன செய்கிறோம்? டிராக்டர் வச்சு அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறோம்! தண்ணி செய்யாத வேலையை நாம டீசல் போட்டுச் செய்கிறோம்.

செடி என்ன செய்கிறது?

அதிகாரி சொன்னது முழுப் பொய் இல்லை. நியாயமாகப் பேசுவோம். நீர்ச்செடி இருக்கிற இடத்தில் தண்ணி வேகம் குறையும், துகள் தங்கும். ஆகாயத்தாமரையின் வேரைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள், கறுப்பாகக் குஞ்சம் மாதிரி தொங்கும். அது ஒரு வலை. தண்டிலும் இலையிலும் வழுவழு என்று ஒரு பாசிப்படலம் படிந்திருக்கும், அது இன்னொரு வலை. செடி இருக்கிற தண்ணியில் வெள்ளித் துகளின் விஷத்தன்மை குறைந்ததாகவும் ஆய்வு இருக்கிறது. தண்ணிக்கு இது நல்லதுதான்.

ஆனால் உலோகம் வெல்லமா, செடி தின்று தீர்ப்பதற்கு? பூச்சிமருந்து நாளாவட்டத்தில் சிதையும். சாணி மக்கும். வெள்ளியும் செம்பும் துத்தநாகமும் மக்காது, எரியாது, ஆவியாகாது. இடம் மாறும், வேஷம் மாறும், அவ்வளவுதான்.

வேஷம் மாறுவதற்கு ஒரு கதை சொல்கிறேன். அதே டியூக் பெட்டியில் பின்னால் தங்கத் துகளை விட்டுப் பார்த்தார்கள். 12 நானோமீட்டர் தங்கம், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. 2018-ல் முடிவு வந்தது. ஆறு மாசத்தில் தங்கத்தில் நூற்றுக்கு 70 பங்கு ஒரே ஒரு நீர்ச்செடியில் போய்ச் சேர்ந்திருந்தது. நம்ம குளத்து வேலம்பாசிக்குப் பங்காளி அந்தச் செடி, ஒரே குடும்பம். அது கூட ஆச்சரியமில்லை. தங்கம் துரு ஏறாது, கறுக்காது, பொற்கொல்லர் ராஜதிராவகம் ஊற்றினால்தான் கரையும் என்றுதானே நமக்குத் தெரியும்? அந்தச் செடியில் சேர்ந்த தங்கம் தங்கமாகவே இல்லை! இலைமேல் இருந்த பாசிப்படலத்து நுண்ணுயிர்கள் சில நாளிலேயே அதைக் கரைத்து, சயனைடு, கந்தகம் சேர்ந்த பொருட்களோடு இணைத்து வேறு உருவாக்கிவிட்டன. சயனைடு என்றதும் யாரும் பதற வேண்டாம், அளவு மிகச் சின்னது. நான் சொல்ல வருவது, தங்கத்துக்கே இந்தக் கதி என்றால் செம்பும் துத்தநாகமும் எம்மாத்திரம்? செடி ஒரு பூட்டுப் போட்ட அறை என்கிறார் அதிகாரி. அது அறை இல்லை, சமையல்கட்டு. உள்ளே போனது வேறாகித்தான் வெளியே வரும்.

வெளியே எப்போது வரும்? செடி அழுகும்போது. ஆகாயத்தாமரையில் நூறு கிலோவுக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் தண்ணிதான். கோடையில் காய்ந்து, அழுகி, அடியில் படியும்போது மிஞ்சுவது கொஞ்சூண்டு சக்கை. ஆனால் பிடித்த உலோகம் அத்தனையும் அந்தக் கொஞ்சூண்டு சக்கையில். ஜேசிபி வைத்து அள்ளிக் கரையில் போட்டு, அதையே மண்புழு உரம் தயாரிக்க மகளிர் குழுவுக்குக் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை சொல்கிறார்கள். சாக்கடை கலக்காத குளம் என்றால் தாராளமாகச் செய்யலாம், நல்ல உரம். சாக்கடை கலக்கிற ஏரியில் சோதிக்காமல் செய்தால், ஏரி முழுக்கப் பரவிக் கிடந்ததைக் கூட்டிப் பெருக்கி ஒரு மூட்டையில் கட்டி நம்ம கத்தரிக்காய்ப் பாத்தியில் போடுகிறோம் என்று அர்த்தம்.

அசோலா வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2012-ல் மூன்று வகை நீர்ச்செடியைத் தங்கத் துகள் கலந்த தண்ணியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். செடிக்குச் செடி, துகள் அளவுக்கு அளவு வித்தியாசம் இருந்தது. அதில் துகளை உள்ளே வாங்கிக்கொண்ட செடிகளில் அசோலா ஒன்று. நாம அசோலாவை எதற்கு வளர்க்கிறோம்? கறவை மாட்டுக்குத் தீவனம், கோழிக்குத் தீவனம், நெல் வயலுக்கு தழைச்சத்து. போர்வெல் தண்ணியில் தொட்டி கட்டி வளர்க்கிறவர்கள் அப்படியே வளருங்கள். ஏரி வாய்க்கால் தண்ணியை விட்டு வளர்ப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

சேற்றில் தூங்குகிறது என்பது சரியா?

படித்த தம்பி ஒருத்தர் என்னிடம் வாதம் பண்ணினார். "மாமா, சேற்றுக்குள்ள போன வெள்ளி கந்தகத்தோட சேர்ந்து சல்பைடா ஆகிடும், அது கரையாது, அப்புறம் என்ன பயம்?" நல்ல கேள்வி. வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுப்பது இதுதான். டியூக் பெட்டியின் அடிச்சேற்றிலும் வெள்ளியில் நூற்றுக்கு 55 பங்கு இப்படித்தான் ஆகியிருந்தது. தம்பி சொன்னது அதுவரை சரி. ஆனால் அதே பெட்டி மீனுக்குள்ளும் புழுவுக்குள்ளும் வெள்ளி இருந்ததே! பாதிக்கு மேல் பூட்டிய பிறகும் மிச்சம் நடமாடியிருக்கிறது.

அதோடு, அந்தப் பெட்டியில் வருஷம் முழுக்கத் தண்ணி நின்றது. நம்ம ஏரி அப்படியா? சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காற்றுப் படாத கறுப்புச் சேற்றில்தான் சல்பைடு சும்மா இருக்கும். வெடிப்பு வழியாகக் காற்று இறங்கினால், துத்தநாகமும் செம்பும் சேர்ந்த சல்பைடு மெல்லப் பிரிந்து திரும்பக் கரைகிற வடிவுக்கு வரும். வெள்ளி அவ்வளவு சீக்கிரம் பிரியாது, ஒத்துக்கொள்கிறேன். நாம வண்டலை வயலில் கொட்டி, உழுது, காயவிட்டு, தண்ணி கட்டி, மறுபடி காயவிடுகிறோம். தூங்குகிறவனை எழுப்பி எழுப்பிப் படுக்க வைக்கிற கதை.

துத்தநாகம் பயிருக்கு வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். நெல்லில் துத்தநாகப் பற்றாக்குறை வந்தால் இலை துருப்பிடித்த மாதிரி ஆவது நமக்குத் தெரியும், ஜிங்க் சல்பேட் போடுகிறோம். அளவோடு போடுகிறோம், பற்றாக்குறை பார்த்துப் போடுகிறோம். வண்டலில் எவ்வளவு வருகிறது என்றே தெரியாமல் நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் அள்ளலாம் என்று அனுமதி கொடுப்பது எந்தக் கணக்கு?

சல்லடை ஓட்டை

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதாகச் சொல்லவில்லை, முறையே அப்படி இருக்கிறது. தண்ணியில் "கரைந்த உலோகம்" எவ்வளவு என்று பார்க்க, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கீழே இறங்கியதை அளக்கிறார்கள். 0.45 மைக்ரான் என்றால் 450 நானோமீட்டர். நானோ துகளோ 100-க்குள். நெல் சலிக்கிற சல்லடையில் கேழ்வரகைப் போட்டால் என்ன ஆகும்? எல்லாம் கீழே விழும். அதையும் கரைந்த உலோகம் என்றே எழுதிவிடுவார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து இது கரைந்ததா, துகளா என்று கலெக்டராலும் சொல்ல முடியாது. வேறு முறைகள் இருக்கின்றன, பெரிய ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள். நமக்குச் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான்.

உரச்சத்து ஓடி வருகிற தண்ணியோடு தாமிரத் துகளும் தங்கத் துகளும் சேர்ந்தால் பாசி இன்னும் அடர்ந்து பொங்குகிறது என்றும் அதே டியூக் பெட்டிகளில் 2018-ல் கண்டார்கள். நம்ம ஏரி பச்சைப் பெயிண்ட் கொட்டின மாதிரி ஆவதற்கு யூரியாவை மட்டும் குற்றம் சொல்லி, "விவசாயிங்க அதிகமா உரம் போடறாங்க" என்று நம் தலையிலேயே கட்டுகிறார்களே, அவர்கள் இதையும் படிக்கட்டும்.

என்ன கேட்கிறோம்?

வண்டல் எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. வண்டலை நம்பித்தான் நம்ம அப்பன் பாட்டன் பயிர் வைத்தான். மழைத் தண்ணி மட்டும் வருகிற ஏரி, குளம் எத்தனையோ இருக்கிறது, அங்கே அள்ளுங்கள். சாக்கடையும் ஆலைத் தண்ணியும் சேருகிற ஏரி எதுவோ, அதில் வண்டல் அனுமதிச் சீட்டோடு வண்டல் சோதனைச் சீட்டும் கொடு என்கிறோம். வெள்ளி, தாமிரம், துத்தநாகம், குரோமியம், ஈயம், காட்மியம் எவ்வளவு என்று தமிழில் எழுதிக் கொடு. செலவு அரசுடையது, சாக்கடையை விட்டவனுடையது. நம்மிடம் ஒரு பைசா கேட்கக் கூடாது.

ஆகாயத்தாமரையை அகற்ற டெண்டர் விடும்போது, அள்ளியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதையும் டெண்டரில் எழுது. கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் எல்லாம் திரும்ப ஏரிக்குள் வரும். பில் மட்டும் பாஸாகும். ஏரி மீன் ஏலம் விடுவதற்கு முன்னால் மீனைச் சோதி. ஏலத்தில் எடுப்பவரும் நம்ம ஊர்க்காரர்தான், தின்பதும் நம்ம பிள்ளைகள்தான்.

நானோ துத்தநாகம், நானோ தாமிரம் விற்கிற பாட்டிலுக்கு, இந்த மருந்து வயலிலிருந்து வாய்க்காலுக்கு, ஏரிச் சேற்றுக்கு, மீனுக்கு எவ்வளவு போகிறது என்று நம்ம மண்ணில் நம்ம ஏரியில் அளந்த கணக்கைக் காட்டு. 2020-லேயே நானோ விவசாய இடுபொருட்களை மதிப்பிட வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது மத்திய அரசுதானே? அதன்படி வந்த பரிசோதனை முடிவுகளை வேளாண் விரிவாக்க மையத்துச் சுவரில் ஒட்டு. மகசூல் எவ்வளவு கூடும் என்று வண்ண வண்ணமாய்ப் போஸ்டர் அடிக்கத் தெரிகிறதே, இதை அடிக்க என்ன கேடு? நம்ம வயல் பரிசோதனைக்கூடமா, நாம சோதனை எலியா?

வருகிற குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்கு இருபது பேராவது வர வேண்டும். சும்மா வராதீர்கள். ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வாருங்கள். ஒன்றில் ஏரித் தண்ணி, ஒன்றில் அடிச்சேறு. பித்தளைச் சொம்பு, இரும்பு மண்வெட்டி வைத்து எடுக்காதீர்கள், அதிலிருக்கிற உலோகமே கலந்துவிட்டது என்று தட்டிக் கழிப்பார்கள். பிளாஸ்டிக் மக்கால் எடுங்கள். சாக்கடை சேருகிற இடத்தில் ஒன்று, மதகடியில் ஒன்று, கலங்கல் பக்கத்தில் ஒன்று, செடி அடர்ந்த இடத்தில் ஒன்று. எடுத்த தேதி, ஏரிப் பெயர், இடம் எழுதி ஒட்டுங்கள். எடுக்கும்போது செல்போனில் ஒரு படம்.

அத்தனை பாட்டிலையும் மேடை முன்னால் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனு, தனித்தனி ஒப்புகைச் சீட்டு வாங்குவோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரும் எழுந்திருக்க வேண்டாம். சாப்பாட்டுக்குப் புளிசாதம் சங்கம் ஏற்பாடு. பஸ் வசதி இல்லாத ஊர்க்காரர்கள் முதல் நாளே சங்க அலுவலகத்தில் பேர் கொடுத்துவிடுங்கள், டெம்போ வரும்.

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்